சுவா சூ காங் பந்துவீச்சு வல்லுநர்களுக்கு ஒரு பாராட்டுரை

சிங்கப்பூரில் கிரிக்கெட் அறிவு எங்கே குவிந்து கிடக்கிறது என்று யாராவது கேட்டால், பாடாங் திடலையோ 1852-இல் தொடங்கிய சிங்கப்பூர் கிரிக்கெட் கிளப்பையோ நான் காட்ட மாட்டேன். சுவா சூ காங் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி, லாட் ஒன் கடைத்தொகுதியைத் தாண்டி, வீவக புளோக்குகளுக்கு நடுவே இருக்கும் ஏதாவது ஒரு காப்பிக்கடைக்குப் போய்ப் பாருங்கள் என்பேன். தே தாரிக் கோப்பைகளைச் சுற்றி நாலைந்து மஞ்சள் சட்டைகள் அமர்ந்திருக்கும். சென்னை சூப்பர் கிங்ஸ் அடுத்த பருவத்தில் யாரை வைத்துப் பந்து வீசப்போகிறது என்ற விவாதம் நடக்கும். அந்த மேசையில் இருக்கும் அண்ணன்மாரே, தம்பிமாரே, நடுவில் வந்து எல்லோரையும் ஒரே கேள்வியில் மடக்கிவிட்டுப் போகும் அக்காமாரே, இந்தப் பாராட்டுரை உங்களுக்கு.

முதலில் உங்கள் நினைவாற்றலைப் பாராட்ட வேண்டும். 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து கோப்பை ஆண்டுகளையும் மூச்சு விடாமல் சொல்வீர்கள். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். உங்கள் சிறப்பு, தோற்ற ஆண்டின் கணக்கையும் விடாமல் வைத்திருப்பது. 2025-இல் 14 ஆட்டங்களில் 4 வெற்றி. அணியின் வரலாற்றிலேயே முதன்முறையாகப் பட்டியலின் கடைசி இடம். நூர் அகமது மட்டும் 24 விக்கெட் எடுத்தார். 9.75 கோடி ரூபாய்க்கு வீடு திரும்பிய அஸ்வின் 9 ஆட்டங்களில் 7 விக்கெட்டோடு நின்றார். அந்த ஆகஸ்டிலேயே ஐபிஎல்லுக்கு விடை கொடுத்தார். 2.2 கோடிக்கு எடுத்த தமிழ்நாட்டு இடக்கை வேகம் குர்ஜப்னீத் சிங் ஒரு பந்துகூட வீசாமல் காயத்தோடு விலகினார். இதெல்லாம் உங்களுக்குத் தாள் பார்க்காமல் வரும். வீட்டில் மூன்றாவது படிக்கும் பையன் இந்த வாரம் எதற்காக அழுதான் என்பதை மனைவியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மனித மூளையில் இடம் குறைவு. முக்கியமானதற்கு நீங்கள் இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள்.

அடுத்தது உங்கள் நிதி அறிவு. வீட்டுக் கடனுக்கு எவ்வளவு வட்டி ஓடுகிறது என்று கேட்டால் வங்கிக் கடிதத்தைத் தேடுகிறவரும், சென்னையின் கையிருப்பை லட்சம் வரை சொல்வார். பத்திரனாவை 13 கோடிக்குத் தக்கவைத்தது, பிறகு விடுவித்தது, 2025 டிசம்பர் 16-ஆம் தேதி அபுதாபி ஏலத்தில் கொல்கத்தா அவரை 18 கோடிக்குத் தூக்கிச் சென்றது. இந்த மூன்றையும் வைத்து ஒரு முழு இரவு விவாதம் நடத்த உங்களால் முடியும். "கையில இருந்த யார்க்கர விட்டுட்டு இப்ப டெத் ஓவருக்கு யாரண்ணே?" என்று ஒரு தம்பி கேட்பார். "தோள்பட்டை போச்சுப்பா, அந்த ஆக்‌ஷனுக்குப் பதினெட்டுக் கோடி அதிகம்" என்று ஓர் அண்ணன் சொல்வார். ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கிய நவம்பர் மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது குரல்கள் தழுதழுக்கும். "தளபதிய குடுத்துட்டாங்கல்ல" என்பதற்கு மேல் அந்த மேசையில் பேச்சு வராது. இந்திய அணிக்கு அதுவரை ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இருபது வயதை ஒட்டிய இருவருக்குத் தலா 14.20 கோடி கொடுத்ததை, மொத்தம் 28.40 கோடி என்று கூட்டிச் சொல்லி நியாயப்படுத்தவும் உங்களால் முடியும், கண்டிக்கவும் முடியும். பிரசாந்த் வீர் இடக்கைச் சுழல் வீசுவார் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் வீசிய ஒரு முழு ஓவரையாவது பார்த்த பிறகுதான் முடிவு சொல்ல வேண்டும் என்ற பழைய கட்டுப்பாட்டை நீங்கள் கடந்துவிட்டீர்கள். விலையைப் பார்த்தே பந்தின் சுழற்சியைச் சொல்லும் கலை உலகில் வேறு எங்கும் இத்தனை வளரவில்லை.

அந்த ஏலம் நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம் என்பதால், அலுவலகம் முடியும் வேளையில் இங்கே ஏலம் சூடுபிடித்தது. ரயிலில் நின்றபடி கைப்பேசியில் ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே வீடு வந்தீர்கள். சிங்கப்பூரில் அது பள்ளி விடுமுறைக் காலம். பிள்ளைகள் வீட்டில்தான் இருந்தார்கள். கையில் ரப்பர் பந்தோடு, அப்பா வந்தால் கீழே போய் நாலு ஓவர் போடலாம் என்று ஒரு பிள்ளை காத்திருந்திருக்கலாம். அந்தச் சலசலப்புக்கு இடம் கொடுக்காமல், இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஓர் அணியின் எதிர்காலப் பந்துவீச்சுக்காக இரவு முழுவதும் உழைத்தீர்களே, அந்தப் பொறுப்புணர்வுக்கு ஈடு உண்டா?

உங்கள் விழிப்பும் பாராட்டுக்குரியது. ஐபிஎல் இரவு ஆட்டம் இந்தியாவில் ஏழரைக்கு. இங்கே பத்து மணிக்கு. கடைசி ஓவர் முடியும்போது மணி ஒன்றரையைத் தாண்டும், சில நாள் இரண்டை நெருங்கும். விடிந்தால் வேலை. ஆனாலும் ஏப்ரல், மே என்று இரண்டு மாதம் கண் சிவக்க விழித்திருக்கிறீர்கள். 2016, 2017 ஆகிய இரு பருவங்களில் சென்னை அணிக்குத் தடை வந்தபோதும் நீங்கள் வேறு கட்சி மாறவில்லை. 2018-இல் காவிரிப் போராட்டத்தால் சென்னை ஆட்டங்கள் புனேவுக்குப் போனபோதும் விசில் சத்தம் குறையவில்லை. இதை நான் மனமாரச் சொல்கிறேன்: இப்படிப்பட்ட பற்று எளிதில் வாய்க்காது. ஊரை விட்டு வந்தவனுக்கு ஊரோடு இருக்கும் கடைசிக் கயிறு சில நேரம் ஓர் ஆட்டமாகத்தான் இருக்கிறது.

பெருந்தன்மையில் உங்களை மிஞ்ச ஆளில்லை. சென்னை என்ற பெயரைத் தாங்கிய அணி தமிழ்நாட்டுப் பந்துவீச்சாளர்களை நடத்திய விதத்தை நீங்கள் எத்தனை பொறுமையாக ஏற்றுக்கொண்டீர்கள்! சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனை 2017-இல் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது, பிறகு ஹைதராபாத் எடுத்தது, 2025 பருவத்துக்கு டெல்லி 10.75 கோடிக்கு எடுத்தது, சென்னை எடுக்கவில்லை. டிஎன்பிஎல்லில் மதுரை அணிக்காகக் கலக்கிய வருண் சக்கரவர்த்தியை 2019-க்கு பஞ்சாப் 8.4 கோடிக்கு வாங்கியது, பிறகு கொல்கத்தா தன்னவராக்கிக்கொண்டது. 2025 மார்ச்சில் துபாயில் நியூசிலாந்துக்கு எதிராக அவர் ஐந்து விக்கெட் எடுத்தபோது நீங்கள் "நம்ம பையன்" என்றீர்கள், சொன்னது சரிதான். சாய் கிஷோர் 2020, 2021 இரண்டு பருவங்கள் மஞ்சள் சட்டையோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார், ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. குஜராத்துக்குப் போனார், 2025-இல் 19 விக்கெட் எடுத்தார். எந்த அணி நிர்வாகத்துக்கும் இப்படி மறக்கத் தெரிந்த ரசிகர் கூட்டம் கிடைத்தால் அது கொடுத்துவைத்த நிர்வாகம். "தோனிக்குத் தெரியாததா?" என்ற ஒரு கேள்வியில் இத்தனை பேரையும் நீங்கள் வழியனுப்பி வைத்தீர்கள்.

நடராஜன் பெயர் வந்ததால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவரை எந்த ஏலமும் கண்டுபிடிக்கவில்லை. டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த அந்தக் கிராமத்துப் பையனை ஜெயப்பிரகாஷ் என்ற உள்ளூர் மனிதர் பார்த்தார்; சென்னைக்கு அனுப்பி வைத்தார். 2015-இல் ரஞ்சி ஆட வந்ததும் பந்து எறிகிறார் என்ற சந்தேகம் எழுந்து, கை அசைவையே மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. எல்லாம் முடிந்துவிட்டதென்று ஊர் நினைத்த காலத்தில் உடன் நின்றவர்கள் உண்டு. 2020-21 ஆஸ்திரேலியப் பயணம் ஒன்றிலேயே ஒருநாள், டி20, டெஸ்ட் என மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். தன் சட்டையில் "ஜேபி நட்டு" என்று எழுதிக்கொண்டார். முதல் இரண்டு எழுத்து அந்த ஜெயப்பிரகாஷுக்கு. பணம் வந்ததும் சின்னப்பம்பட்டியில் சொந்தச் செலவில் மைதானம் கட்டினார். பந்துவீச்சாளர் உருவாவது இப்படித்தான். எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒருவர் நின்று, யாரும் கவனிக்காத ஒரு பையனைக் கவனிக்க வேண்டும். அந்த வேலைக்கு விலைப்பட்டியல் உதவாது. வெயிலில் நிற்கும் கால் வேண்டும்.

அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்களும் உங்களைப் போலத்தான். பருவம் முடிந்ததும் குளிர்காலம் முழுக்க, எந்த வீச்சாளரை விற்கலாம், எந்த இளைஞனை வளர்க்கலாம் என்று வாதாடுவார்கள். ஆனால் அவர்களிடம் ஒரு குறை இருக்கிறது. பெரிய அணிகளோடு இணைந்த 120 சிறு லீக் அணிகள் அங்கே சிற்றூர்களில் ஆடுகின்றன. அந்த ரசிகர்கள் குடும்பத்தோடு போய், இன்னும் பெயர் தெரியாத பத்தொன்பது வயது வீச்சாளரை நேரில் பார்த்துவிட்டு வருகிறார்கள். பார்த்துவிட்டுப் பேசுவதால் அவர்கள் விவாதத்தில் தயக்கம் புகுந்துவிடுகிறது. உங்கள் பேச்சில் இருக்கும் உறுதி அவர்களுக்கு வாய்ப்பதில்லை.

சிங்கப்பூரில் பந்து வீசுகிறவர்களை நீங்கள் எத்தனை மரியாதையோடு தனிமையில் விட்டு வைத்திருக்கிறீர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2019 செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. பாலஸ்தியர் சாலை இந்தியர் சங்கத் திடலில் சிங்கப்பூர் அணி ஜிம்பாப்வேயை 4 ரன்னில் வென்றது. டெஸ்ட் ஆடும் நாடு ஒன்றைச் சிங்கப்பூர் தோற்கடித்தது அதுவே முதல் முறை. லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலையோரம் சாப்பிட்டுவிட்டு, பெருமாள் கோயிலைக் கும்பிட்டுவிட்டு, அதிகம் நடக்காமலே போய்ச் சேரக்கூடிய திடல் அது. அந்த ஞாயிறு தேக்காவில் வாழைக்காயும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டிருந்தவர்களில் எத்தனையோ பேர் ஒரு சர்வதேச அணி கடைசி ஓவரில் வீழும் இரைச்சலுக்கு அருகிலேயே இருந்தார்கள். அடுத்த மாதம் துபாயில் நடந்த உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் இதே அணி ஸ்காட்லாந்தை 2 ரன்னில் வென்றது. சுவா சூ காங் மேசைகளில் அந்த வாரம் வேறு பேச்சு நடந்தது.

2024 செப்டம்பர் 5, மலேசியாவில் பாங்கி. கோலாலம்பூர் போகும் பேருந்தில் ஏறினால் பாதி நாளில் சேரும் இடம். உலகக் கிண்ணத் தகுதி ஆட்டத்தில் சிங்கப்பூர், மங்கோலியாவை 10 ரன்னுக்குச் சுருட்டியது. ஆடவர் சர்வதேச டி20 வரலாற்றில் அதற்குக் குறைந்த எண்ணிக்கை அன்றுவரை இல்லை. ஹர்ஷா பரத்வாஜ் என்ற 17 வயது லெக் ஸ்பின்னர் நான்கு ஓவரில் 3 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். மங்கோலியா கிரிக்கெட்டுக்குப் புதிய நாடு, எதிரணி பலவீனமானது என்று நீங்கள் சொல்வீர்கள், உண்மை. ஆனால் லெக் ஸ்பின் போட்டு நான்கு ஓவரில் மூன்றே ரன் கொடுக்க, எதிரே யார் நின்றாலும் ஒவ்வொரு பந்தையும் சரியான இடத்தில் இறக்க வேண்டும். பதினேழு வயதில் அது கைவந்திருக்கிறது என்றால், அதற்குப் பின்னால் இதே சிங்கப்பூரின் வெயிலிலும் மழையிலும் எண்ணற்ற மாலைகள் போயிருக்கின்றன. பதினேழு வயது லெக் ஸ்பின்னர் ஒருவரை ராஜஸ்தானிலோ உத்தரப்பிரதேசத்திலோ ஏலத்தில் எடுத்திருந்தால், அவர் எந்தத் தெருவில் பிறந்தார் என்பதுவரை இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம் நாட்டுச் சட்டையில் ஆடுகிறவருக்கு அந்தத் தொல்லை நேராமல் காத்திருக்கிறீர்கள்.

டிம் டேவிட்டின் கதையில் உங்கள் பற்றின் உச்சத்தைப் பார்க்கிறேன். 1996-இல் சிங்கப்பூரில் பிறந்தவர். ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, 2019-இல் சிங்கப்பூர் சட்டையில் சர்வதேசக் கிரிக்கெட்டுக்கு வந்தவர். ஜிம்பாப்வேயை வென்ற தொடரில் ஆடிய சிங்கப்பூர் அணியில் அவரும் இருந்தார். 2025 மார்ச் 28, சேப்பாக்கம். பெங்களூருக்காகக் கடைசி ஓவரில் மூன்று சிக்சர் அடித்தார். 8 பந்தில் 22. சென்னை 50 ரன்னில் தோற்றது. 2008-க்குப் பிறகு அந்தத் திடலில் பெங்களூரிடம் சென்னை தோற்றது அன்றுதான். சிங்கப்பூர் கிரிக்கெட்டில் தடம் பதித்து எழுந்த ஒருவர் உலகின் மிகப் பெரிய லீக்கில் அப்படி ஆடிய இரவில், சிங்கப்பூரில் மஞ்சள் சட்டை போட்டு உட்கார்ந்து வருந்தினீர்கள். "சாம் கரனுக்கு அந்த ஓவரக் குடுத்தது யார்?" என்ற விவாதம் விடியும்வரை போனது. எதிரே நின்றவர் எந்த ஊர் என்ற கேள்வி எழவே இல்லை. ஓர் அணிக்குத் தன்னை முழுதாய்க் கொடுத்துவிட்டவனுக்குத்தான் இந்த ஒருமுனைப்பு வரும்.

பாலஸ்தியர் சாலைத் திடல்கள் எப்படி வந்தன என்பதும் நினைக்கத்தக்கது. பாடாங்கில் இருந்த கிரிக்கெட் கிளப் அன்று ஐரோப்பியர்களின் இடம். நம் மக்களுக்கு ஆட இடம் வேண்டியிருந்தது. 1923-இல் இந்தியர் சங்கம் பிறந்தது. 1928-இல் இலங்கையர், அவர்களில் யாழ்ப்பாணத் தமிழர் பலர், சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப்பைத் தொடங்கினார்கள். பாலஸ்தியர் சாலையில் இரண்டும் பக்கத்துப் பக்கமாய்த் திடல் அமைத்துக்கொண்டன. 1950-இல் நேரு வந்து இந்தியர் சங்கக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். துறைமுகத்திலும் அலுவலகங்களிலும் உழைத்த மனிதர்கள் உருவாக்கித் தந்த புல்வெளி அது. அவர்களிடம் ஏலப்பட்டியல் இல்லை, நள்ளிரவு நேரலை இல்லை. ஞாயிறு விடிந்தால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆடப் போனார்கள். ஆடாதவர்கள் பார்க்கப் போனார்கள். பேரப்பிள்ளைகளான நமக்கு அந்தச் சிரமம் இல்லாமல் போய்விட்டது.

உங்கள் பிள்ளை வளர்ப்பையும் சொல்லாமல் விடக்கூடாது. மூன்று வயதில் மஞ்சள் சட்டை, முதுகில் 7 என்ற எண். ஐந்து வயதில் விசிலடிக்கத் தெரியும். எட்டு வயதில் தாழ்வாரத்தில் பந்தை எறிந்தால், பக்கத்து வீட்டுக் கதவில் படும் என்று நிறுத்திவிடுவீர்கள். புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போனால், பந்து விளையாடக் கூடாது என்ற பலகை இருக்கிறது என்று நினைவூட்டுவீர்கள். பத்து வயதில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு நெருங்கிவிட்டது என்று கிரிக்கெட் வகுப்பை நிறுத்தி, அந்த மணி நேரத்தில் கணக்கு டியூஷன் வைப்பீர்கள். அன்றைக்கு மாலையே காப்பிக்கடையில் "நம்ம தமிழ்ப் பசங்கள்ல ஏன் ஒரு நல்ல வேகப்பந்து வீச்சாளர் வரமாட்டேங்கிறான்?" என்று உண்மையான கவலையோடு கேட்பீர்கள். அந்தக் கவலை உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பதில் மாடியில் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருப்பதால் அது உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

இதுவரை சொன்ன புகழில் எதையும் நான் திரும்பப் பெறப் போவதில்லை. நினைவாற்றல் உங்களிடம் இருக்கிறது, விழிப்பு இருக்கிறது, வாதத் திறமை இருக்கிறது, விட்டுக்கொடுக்காத பற்று இருக்கிறது. ஒரு லெக் ஸ்பின்னரின் கூக்ளியைத் தொலைக்காட்சியில் பார்த்தே கண்டுபிடிக்கும் கண் இருக்கிறது. சிங்கப்பூர் கிரிக்கெட்டில் பற்றாக்குறையாய் இருப்பவை இவை அனைத்தும்தான். திடல்கள் குறைவு, ஆடும் பிள்ளைகள் குறைவு. எல்லாவற்றையும் விடக் குறைவு, எல்லைக்கோட்டருகே நின்று "தம்பி, அந்தக் கடைசிப் பந்து நல்லா விழுந்துச்சு, அதே இடத்துல இன்னொன்னு போடு" என்று சொல்லும் குரல். பணம் கொடுத்து வாங்க முடியாத அந்தக் குரல் உங்களிடம் மிகுதியாக இருக்கிறது. ஒவ்வொரு ஏப்ரலும் அதைத் தொலைக்காட்சித் திரைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். திரைக்குக் காது கேட்காது.

சுவா சூ காங்கில் வடக்கு தெற்குத் தடத்தில் ஏறினால் வண்டி மாறாமல் நகர மண்டபம் நிலையம் வரும். இறங்கிச் சில நிமிடம் நடந்தால் பாடாங். அங்கே ஆட்டம் நடக்கும் வார இறுதிகளில் நடைபாதையில் நின்றே பார்க்கலாம், அனுமதிச் சீட்டு கேட்பவர் இல்லை. பாலஸ்தியர் சாலைத் திடல்களுக்குப் போக, ஞாயிறு தேக்காவுக்குக் காய்கறி வாங்க வரும் பயணத்தைச் சற்று நீட்டினால் போதும். பையனையும் பெண்ணையும் கூட்டிப் போங்கள். அங்கே பந்து வீசுகிற ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சென்னைக்கு அடுத்த பந்துவீச்சாளரைத் தேர்ந்தெடுக்கச் சம்பளம் வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் உதவி தேவைப்படவில்லை. சிங்கப்பூரின் அடுத்த பந்துவீச்சாளருக்கு உங்களை விட்டால் ஆளில்லை.